அரை விநாடித் தாமதமும் ஊதியமில்லாக் காவலும்

திறந்த மூல மென்பொருளின் நிரல் அனைவர் கண்முன்னும் கிடப்பதால், அதில் தீங்கு ஒளிந்திருக்க முடியாது என்று பலரும் நம்புகிறோம். 2024 மார்ச் 29 அன்று வெளியான செய்தி அந்த நம்பிக்கையை அசைத்தது.

லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்க உதவும் ‘எக்ஸ்இசட் யூட்டில்ஸ்’ மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் ஊடுருவ ஒரு கள்ள வாசல் வைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டறிந்தவர் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட். கணினியில் நுழைய ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாவது ஏன் என்று துருவியதில் அது சிக்கியது. எந்தத் தணிக்கை அமைப்பும் அதைப் பிடிக்கவில்லை.

தீங்கு ஒளிந்திருந்த இடம்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. மூலநிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றுவது ‘பில்ட் ஸ்கிரிப்ட்’ என்னும் ஆணைத்தொகுப்பு. பிற கோப்புகளைத் திறந்து, அவற்றில் உள்ள ஆணைகளையும் இயக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. நச்சு நிரல், சோதனைக்கான சுருக்கக் கோப்புகள் என்ற பெயரில் சேர்க்கப்பட்டது. அவற்றுள் ஒன்று பழுதான கோப்பு என்றே பெயரிடப்பட்டிருந்தது. பழுதான கோப்பை யார் பிரித்துப் படிப்பார்கள்? அதை வெளியே எடுத்து இயக்கும் ஆணையோ பொதுக் களஞ்சியத்தில் இல்லை. பயனர்களுக்கு வெளியிடப்பட்ட தொகுப்பில் மட்டுமே இருந்தது. டெபியன் அல்லது ஆர்பிஎம் வகைத் தொகுப்பாக உருவாக்கும்போது மட்டுமே அது விழித்துக்கொண்டது.

இந்த மென்பொருளைப் பல்லாண்டுகள் ஊதியமின்றிப் பராமரித்தவர் தனி ஒருவர். ‘ஜியா டான்’ என்ற பெயரில் வந்தவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உதவிசெய்து, வெளியீட்டுப் பொறுப்பையே பெற்றார். பணி தாமதமாகிறது என்று வேறு சில பெயர்களில் வந்த மின்னஞ்சல்கள் பராமரிப்பாளரை நெருக்கின.

பொதுப்பண்டங்களை நடத்தும்போது மாணவர்களுக்குக் கலங்கரை விளக்கத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்வேன். இன்றானால் இதைச் சொல்வேன். பயன் எல்லோருக்கும், செலவோ ஒருவர் தலையில். இதனால் இலாபம் ஈட்டும் நிறுவனங்கள், பொருளியலின் மொழியில், ‘இலவசப் பயணிகள்’.

பொதுக் களஞ்சியத்திலிருந்து மட்டுமே உருவாக்குக, அதே நிரலிலிருந்து அதே விளைவு கிடைக்கிறதா என்று பிறரும் சரிபார்க்கட்டும் என்று தொழில்நுட்பர்கள் கூறும் தீர்வுகள் சரியானவையே. ஆனால், அதற்கும் மனித உழைப்பு வேண்டும். ஜெர்மனி 2022இல் இதற்கென ஓர் அரசு நிதியத்தையே தொடங்கியது. நமது சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளமும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. உரிமக் கட்டணமில்லை என்று மகிழும் அரசுத் துறைகள், மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கை இத்தகைய பராமரிப்புக்கும் தணிக்கைக்கும் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும்.