பொறுப்பு கைமாறும், கம்பி கைமாறாது

“காரியாலயங்களில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் சுவிட்சுப் பெட்டிகளை அடுக்காகப் பிணைத்து வைத்திருக்கிறார்களே, அவற்றுள் ஒன்றை நிறுத்தி மீண்டும் இயக்கினால் மற்றவை என்ன ஆகும்?” என்று அன்பர் ஒருவர் வினவியுள்ளார். நம் இல்லத்துப் பிள்ளைகள் பலர் இத்தொழிலில் புகுந்திருத்தலின், இதற்கு விடை கூறுதல் பலர்க்கும் பயன்படும் எனக் கருதுகிறோம்.

சிஸ்கோ கம்பெனியாரின் காட்டலிஸ்ட் 9300 வகையை எடுத்துக்கொள்வோம். இதில் 8 பெட்டிகள் வரை பின்புறக் கம்பிகளால் வளையமாகப் பிணைக்கலாம். பிணைத்தபின் அவை யாவும் ஒரே சுவிட்சாக விளங்கும். அவற்றுள் ஒன்று ‘ஆக்டிவ்’ என்னும் தலைமைப் பெட்டி, மற்றொன்று ‘ஸ்டாண்ட்பை’ என்னும் துணைப் பெட்டி, ஏனையவை உறுப்புகள்.

தலைமை எவ்வாறு அமைகிறது? ஒவ்வொரு பெட்டிக்கும் 1 முதல் 15 வரை முன்னுரிமை எண் இடலாம். இடாவிடின் அது 1 ஆகவே இருக்கும். அடுக்கு முழுதும் புதிதாக எழும்போது, 120 வினாடிகளுக்குள் எழுந்த பெட்டிகளுள் உயர்ந்த எண் உடையதே தலைமை பெறும். பிந்தி எழுந்தது எத்துணை உயர்ந்த எண் உடையதாயினும், அமர்ந்துவிட்ட தலைமையைப் பறிக்காது.

இனி, தலைமைப் பெட்டி ஒன்றை மட்டும் நிறுத்துவோமாயின், துணைப் பெட்டி அக்கணமே பொறுப்பேற்கும். அமைப்பு விவரங்கள் யாவும் முன்னரே அதனிடம் இருத்தலின் மற்றப் பெட்டிகள் வேலையை நிறுத்துவதில்லை. நம் காரியாலயங்களில் ரஜாவில் சென்ற அதிகாரி திரும்பியதும் சார்ஜைத் தாமே ஏற்பார். இங்கோ, பழைய தலைவர் திரும்பி வந்தாலும் தலைமையை மீண்டும் ஏற்பதில்லை. ஜூனிப்பர் கம்பெனியாரின் அடுக்குகளில் நிலைமை வேறு: உயர்ந்த எண் உடையது திரும்பினால் தலைமையை மீண்டும் கைக்கொள்ளும். ஒரே பழுதுக்குப் பொறுப்பு இருமுறை கைமாறுவதைத் தவிர்க்கவே, தலைமைக்கும் துணைக்கும் ஒரே எண் இடுவது அங்கே முறையாயிற்று.

இவ்வளவும் கேட்டபின், அச்சமொன்றும் இல்லை எனத் தோன்றலாம். ஆனால் ஓர் ஊரின் முன்பதிவு நிலையத்தில் நாம் கண்டது வேறு. தத்கால் படுக்கை வகுப்புக்குச் சீட்டு வழங்கும் 11 மணிக்குச் சற்று முன்னர், அடுக்கின் முதற்பெட்டியை நிறுத்தி இயக்கினர். பொறுப்பு நொடியில் கைமாறிற்று. எனினும் கவுண்டர்களின் கம்பிகள் அனைத்தும் அம்முதற்பெட்டியிலேயே செருகப்பட்டிருந்தன. அது எழுந்து வருவதற்குள் சில நிமிடங்கள் கழிந்தன. தாயாரின் உடல்நிலை கேட்டு ஊருக்குப் புறப்பட நின்ற ஒருவர், வெறுங்கையுடன் வரிசையை விட்டு விலகினார்.

ஆகவே, நம் இளைஞர்கள் நினைவிற் கொள்ள வேண்டுவன சில. முதலாவது, கவுண்டர்களின் கம்பிகளை ஒரே பெட்டியில் குவிக்காமல் பல பெட்டிகளுக்கும் பகிர்ந்து செருகுக. வெளியே செல்லும் முதன்மைப் பாதைக்கு இரு கம்பிகள் இட்டு, வெவ்வேறு பெட்டிகளில் சேர்த்து, ஈதர்சேனல் முறையில் ஒரே பாதையாக்குக. இரண்டாவது, நிறுத்துமுன் ‘ஷோ ரிடண்டன்சி’ என்று வினவி, துணைப் பெட்டி ‘ஸ்டாண்ட்பை ஹாட்’ என்னும் ஆயத்த நிலையில் உள்ளதா என்று காண்க; இல்லையேல் பொறுத்திருக்க. மூன்றாவது, ‘ரீலோட்’ என்று மட்டும் கட்டளையிட்டால் அடுக்கு முழுதும் நின்றெழும். ‘ரீலோட் ஸ்லாட் 2’ என்றால் இரண்டாம் பெட்டி மட்டுமே நின்றெழும். இந்த ஒரு சொல்லின் வேற்றுமையை மறவற்க.

நான்காவது, யந்திரம் அறியாதது. நாமே அறிய வேண்டுவது. எந்த நேரத்தில் எவர் வரிசையில் நிற்கின்றனர் என்பதைக் கேட்டறிந்த பின்னரே கை வைத்தல் நன்று.