பத்து நாளில் பத்து கிலோ: கணக்கு உதைக்கிறது!



எடையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. மூட்டையைப் பிரித்தால் எத்தனை கிலோ தேறும், மிளகாய் காயக் காய எவ்வளவு குறையும், மழைக்காலத்தில் வெல்லம் எவ்வளவு கசியும் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஒரு மூட்டையில் இருநூறு கிராம் குறைந்தாலும் மொத்த வியாபாரியிடம் சண்டைக்குப் போகிறோம். ஆனால் நம் உடம்பின் எடை என்று வந்துவிட்டால், தராசை ஒதுக்கி வைத்துவிட்டு விளம்பரத்தை நம்பத் தொடங்கிவிடுகிறோம்.

"பத்து நாளில் பத்து கிலோ குறையும்", "சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், நடக்க வேண்டாம், பவுடரைக் கரைத்துக் குடித்தால் போதும்" என்று பேருந்து நிலையச் சுவரிலும் எழுதியிருக்கிறார்கள். கையிலுள்ள செல்போனிலும் ஓயாமல் சொல்கிறார்கள். பவுடர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு "நீங்களும் ஏஜென்சி எடுங்கள், நல்ல கமிஷன்" என்று கடைக்கே வருகிறவர்களும் உண்டு. இதில் நமக்கு இரண்டு பங்கு இருக்கிறது. நாம் இதை வாங்கிச் சாப்பிடுகிறவர்களாகவும் இருக்கிறோம், விற்கிறவர்களாகவும் இருக்கிறோம். ஆகவே இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உடம்பில் சேர்ந்துள்ள ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி இருப்பு. பத்து கிலோ என்றால் 77,000 கலோரி. கடையில் உட்கார்ந்தும் நின்றும் வேலை பார்க்கும் ஒருவரது உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிப்பது ஏறத்தாழ 2,000 முதல் 2,500 கலோரி வரைதான். பத்து நாளைக்குக் கூட்டினால் மிஞ்சிப் போனால் 25,000. அதாவது, பத்து நாளும் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாயில் படாமல் இருந்தால்கூட, மூன்றேகால் கிலோ கொழுப்புக்கு மேல் கரைய வழியே இல்லை. மீதி ஆறே முக்கால் கிலோவுக்கு வவுச்சர் எங்கே?

அது நீரும் தசையுமாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் விளம்பரம் பொய்யாக இருக்க வேண்டும். உடம்பு மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும்போது, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் நீரையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறது. திடீரென்று சாப்பாட்டை நிறுத்தினால் முதலில் செலவாவது இந்த இருப்புதான். அதோடு நீரும் இறங்கிவிடுகிறது. முதல் வாரத்தில் தராசில் முள் சட்டென்று இறங்குவதற்கு இதுவே முக்கியக் காரணம். மறுபடி வழக்கம்போல் சாப்பிட்டால் சில நாளில் அந்த எடை திரும்பி வந்துவிடும். இருப்புச் சரக்கு அப்படியே இருக்க, ஈரம் மட்டும் காய்ந்ததை "லாபம்" என்று எழுதுகிற கணக்கு இது.

பட்டுக்குத் தெரிந்த பாடம்

நம் காஞ்சிபுரத்தில் பட்டோடு பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கச்சாப் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசையை நீக்கும்போது, எடையில் சுமார் கால் பங்கு போய்விடும். அது நல்ல எடைக் குறைவு. பசை போகிறது, நூல் நிற்கிறது. அதன் பிறகுதான் மினுமினுப்பும் மென்மையும் வருகின்றன. சீக்கிரம் முடியட்டும் என்று காரத்தை ஏற்றினால் பசையோடு நூலும் கெட்டுப்போகும். தராசில் எடை இன்னும் குறைவாகத்தான் காட்டும். ஆனால் அந்த நூலைத் தறியில் ஏற்ற முடியாது.

உடம்பும் அப்படித்தான். பட்டினி கிடந்து வேகமாக இளைப்பவர்களுக்குக் கொழுப்போடு தசையும் கரைகிறது. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பு அதிகரிக்கிறது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக் குறைப்புப் போட்டி ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016-ல் வெளியானது. 30 வாரத்தில் அவர்கள் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தால், அதில் 41 கிலோ திரும்பி வந்திருந்தது. அது மட்டுமல்ல, அவர்கள் உடம்பு செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைந்தே இருந்தது. வருமானம் திடீரென்று நின்றால் குடும்பம் செலவைச் சுருக்கிக்கொள்வது போல உடம்பும் சுருக்கிக்கொள்கிறது. பழைய நிலைமை வந்த பிறகும் அந்தப் பயம் அதற்குப் போவதில்லை.

நம் கல்லாவைத் தாண்டிப் போகும் ஆபத்து

2026 ஜனவரியில் மதுரையில் நடந்ததை நாம் எளிதாகக் கடந்து போய்விடக் கூடாது. 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர், உடல் இளைக்க வெங்காரம் சாப்பிடலாம் என்று சொன்ன காணொளியைப் பார்த்துவிட்டு, நாட்டு மருந்துக் கடையில் அதை வாங்கிச் சாப்பிட்டார். உயிர் போய்விட்டது.

வெங்காரம் நமக்குப் புதிய சரக்கல்ல. பொற்கொல்லர் பற்றவைக்க வாங்குவார். கரப்பான் பூச்சி தொல்லைக்கு வாங்குகிறவர்களும் உண்டு. சித்த மருத்துவத்தில் அதை முறைப்படி சுத்தி செய்து, வேறு சரக்குகளோடு சேர்த்து, மிகச் சிறிய அளவில் வைத்தியர் கொடுப்பது வேறு விஷயம். பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கும் வெங்காரம் சாப்பிடும் பொருளே அல்ல. நம் நாட்டில் அதை உணவில் சேர்க்க அனுமதியும் இல்லை.

"கேட்டதைக் கொடுப்பதுதானே கடைக்காரன் வேலை? எதற்கு வாங்குகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்குமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் எலி மருந்து கேட்டு முகம் வாடிய ஒருவர் வந்தால், "எதுக்கும்மா?" என்று நாம் கேட்காமல் இருப்பதில்லை. அதே கேள்வியை வெங்காரத்துக்கும் கேட்டால் அரை நிமிடம் ஆகும். "சாப்பிடுவதற்கு" என்று பதில் வந்தால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம். அதனால் போவது சில ரூபாய் வியாபாரம். சூப்பர் மார்க்கெட்டின் அலமாரி கேள்வி கேட்காது. தெருமுனைக் கடைக்காரர் கேட்பார். பெரிய கடைகளோடு போட்டி போடும் நமக்கு இது ஒரு பலம் என்பதை மறந்துவிடக் கூடாது.

"மூலிகை" என்று பெயர் போட்டு வரும் இளைப்புப் பொடிகளிலும் எச்சரிக்கை வேண்டும். சிபுட்ராமின் என்ற பசி குறைக்கும் மருந்து, மாரடைப்பு, பக்கவாத ஆபத்து காரணமாக நம் நாட்டில் 2011 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது. பிற நாடுகளிலும் விலக்கப்பட்ட அந்த மருந்து, மூலிகை என்று விற்கப்பட்ட பல பொருள்களில் லேபிளில் சொல்லாமல் கலக்கப்பட்டிருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியாத சரக்குக்கு நாம் எப்படி வாய்ச் சான்று கொடுக்க முடியும்?

சட்டமும் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம், அட்டவணையில் உள்ள நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அந்த அட்டவணையில் சர்க்கரை நோயும் உண்டு, உடல் பருமனும் உண்டு. விளம்பரம் என்றால் பத்திரிகை விளம்பரம் மட்டுமல்ல. துண்டுப் பிரசுரம், லேபிள், மேலுறை, வாயால் செய்யும் அறிவிப்பு எல்லாமே அதில் அடங்கும். கம்பெனிக்காரர் இலவசமாகக் கொடுத்தார் என்று வாங்கி மாட்டுகிற தட்டியும் அப்படியே.

ஊசி மருந்து பற்றி ஒரு வார்த்தை

2025 மார்ச்சில் மவுஞ்சாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. இவை விளம்பரப் பொடிகளைப் போன்றவை அல்ல. சோதித்து அங்கீகரிக்கப்பட்ட மருந்துகள். பருமனால் அவதிப்படுகிறவர்களுக்கு மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் பயன் உண்டு. ஆனால் இவற்றையும் குறுக்கு வழியாக நினைத்து, தெரிந்தவர் மூலம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். வெகோவியில் உள்ள செமாகுளுடைட் மருந்தை நிறுத்தியவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்ததாக 2022-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பழக்கத்தை மாற்றாமல் ஊசியை மட்டும் நம்பினால் கடன் வாங்கிக் கடை நடத்துகிற கதைதான்.

மெதுவான வழி பலிக்குமா?

பலிக்கும். அதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. வழக்கம்போல் இருந்தவர்களில் மூன்று ஆண்டில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நாள்தோறும் அரை மணி நேரம் வேக நடை, சர்க்கரையும் எண்ணெயும் தீட்டிய தானியமும் குறைவு என்று மாறியவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பதுதான். தராசு முள் நகராவிட்டாலும் உள்ளே லாபம் ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் முதல் மாதமே "ஒன்றும் குறையவில்லையே" என்று விட்டிருந்தால் அந்த லாபம் கிடைத்திருக்காது.

இது நமக்கு வேண்டிய செய்தி. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் அதிக எடை உள்ளவர்கள். விடியலில் கடை திறந்து, இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கி, அதன் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுக்கிற நம் போன்றவர்களுக்கு ஆபத்து சற்றுக் கூடுதல்தான். முகூர்த்த நாள் வந்தால் மதியச் சாப்பாடே மாலை நாலு மணிக்கு.

எங்கே தொடங்குவது? தேநீரில் தொடங்கலாம். நாளைக்கு ஆறு டீ, ஒரு டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது. 60 கிராமை நம் தராசிலேயே ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு அது 22 கிலோ; இரண்டேகால் ஆண்டில் ஒரு மூட்டைச் சர்க்கரையை ஒரே ஆள் டீயில் மட்டும் குடித்து முடிக்கிறார். அதை நிறுத்தினால் மாதம் 7,200 கலோரி மிச்சம். எழுத்துக் கணக்கில் அது ஒரு கிலோ கொழுப்புக்குச் சற்றுக் குறைவு. உடம்பு ஈடுகட்டிக்கொள்ளும் என்பதால் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் வருமானம்தானே.

அடுத்தது, கணக்கில் எழுதாத செலவு. எடை போடும்போது வாயில் போட்டுக்கொள்ளும் முந்திரி உடைசலும் பொட்டுக்கடலையும் யார் நினைவிலும் நிற்பதில்லை. ஒரு கைப்பிடி முந்திரி, அதாவது 30 கிராம், 160 கலோரிக்கு மேல். மூன்றாவது, இரவுச் சாப்பாட்டைக் கடையிலேயே எட்டு மணிக்கு முடித்துக்கொள்வது. நான்காவது, நடை. கடை திறக்கும் முன் ராஜவீதிகளை அரை மணி நேரம் கைவீசி வேகமாகச் சுற்றி வந்தால் காமாட்சியம்மன் கோயிலை வலம் வந்தது போலவும் ஆயிற்று, உடம்புக்கும் ஆயிற்று. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் எதையும் மாற்றும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

தினமும் எடை பார்க்க வேண்டாம், மனம் சோர்ந்துவிடும். மாதம் ஒரு முறை எடையையும், இன்ச் டேப் வைத்து இடுப்புச் சுற்றளவையும் குறித்து வையுங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள், அதாவது சுமார் முப்பத்தைந்தரை அங்குலத்துக்குள்ளும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருப்பது நல்லது. 80 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் நாலு கிலோ குறைத்தாலே பெரிய வெற்றி.

ஒரு பட்டுச் சேலை கைத்தறியிலிருந்து இறங்க, வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். நம்மில் பலர் கடையை இன்றைய நிலைக்குக் கொண்டுவரப் பதினைந்து, இருபது ஆண்டு உழைத்திருக்கிறோம். ஒரே மாதத்தில் முதல் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் அவரைக் கடைப்படி ஏறவிடுவோமா? உடம்பு விஷயத்திலும் அதே விவரம் நமக்கு வேண்டும்.

வரும் மே 5 வணிகர் தினத்துக்குள் மூன்று காரியங்களை ஒவ்வொரு கடைக்காரரும் செய்யலாம். சாப்பிடுவதற்கு என்று கேட்டால் வெங்காரம் இல்லை என்று சொல்லக் கடைப் பையன்களுக்குச் சொல்லிவையுங்கள். "இத்தனை நாளில் இத்தனை கிலோ" என்று எழுதிய தட்டியைக் கடையிலிருந்து இறக்குங்கள். பற்று வரவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்றைய தேதி போட்டு உங்கள் எடையையும் இடுப்பளவையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது உங்கள் கையெழுத்திலேயே விடை இருக்கும்.