வீட்டுக்குள் புகை: எங்கள் நிலைப்பாடு

வீட்டுக் காற்று சுத்தமாக இருக்க, வீட்டுக்குள் புகையே எழாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. ஜன்னலும் புகைபோக்கியும் அடுத்தவை. காற்றுச் சுத்திகரிப்புக் கருவி அதற்கும் பிறகுதான். இந்தப் பொறுப்பு முழுவதையும் சமைக்கும் பெண்ணின் தலையில் கட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை.

ஏன் இந்த நிலைப்பாடு?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வீட்டுக்குள் எழும் புகையால் 2020இல் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் 2,37,000 பேருக்கு மேல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். விறகும் வரட்டியும் எரியும்போது வரும் நுண்துகள், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கும் தொண்டையும் அதைத் தடுக்க முடிவதில்லை; நுரையீரலின் அடிவரை போய்விடுகிறது. குழந்தைக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய், மாரடைப்பு, பக்கவாதம் என்று அதன் விளைவுகள் நீள்கின்றன.

எரிவாயு இணைப்பு கொடுத்தாலும் கிராமத்துப் பெண்கள் விறகை விடமாட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளையும் சேர்த்து நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. அடுப்பும் சிலிண்டரும் இலவசமாக வீடு தேடி வந்தபோது, அவற்றைப் பெற்ற பெண்கள் ஏறக்குறைய முழுவதுமாக எரிவாயுவுக்கு மாறினார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள், விறகில் சமைத்தவர்கள் சுவாசித்ததில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. குழந்தைகளின் பிறப்பு எடையில் அந்த ஆய்வு பெரிய வேறுபாடு எதையும் காணவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஆனாலும் அடுப்படியில் நிற்பவரின் நெஞ்சுக்குள் போகும் புகை குறைவது தன்னளவிலேயே பெரிய பலன்.

ஆகவே தடையாக இருப்பது பழக்கம் மட்டுமல்ல, விலையும்தான். மத்திய அரசின் உஜ்வலா எரிவாயுத் திட்டம் 2016இல் தொடங்கி, கோடிக்கணக்கான வீடுகளுக்கு இணைப்பு தந்தது. ஆனால் அடுத்த சிலிண்டருக்குக் காசில்லாத வீட்டில், வேலியோரம் சும்மா கிடைக்கும் சீமைக்கருவேல விறகுதான் மறுபடியும் எரிகிறது.

கொசுவர்த்தியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்து 2003இல் வெளியான ஆய்வின்படி, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் அளவுக்கு நுண்துகளை வெளிவிடுகிறது. டெங்கு பரவும் ஊரில் கொசுவைச் சகித்துக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கதவைச் சாத்திவிட்டுக் குழந்தையின் தலைமாட்டில் சுருளைக் கொளுத்துவது தீர்வாகாது.

அரசிடம் கேட்பவை

1. ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதும் சமைக்கப் போதுமான சிலிண்டர்களை, அவர்களால் கொடுக்க முடிந்த விலையில் தர வேண்டும்.

2. அரசு வீட்டுத் திட்டங்களில் சமையலறைக்கு வெளிப்புற ஜன்னலும் புகை வெளியேறும் வழியும் கட்டாயமாக வேண்டும். 360 சதுர அடி வீட்டில் அடுப்பு புகைந்தால் படுக்கும் இடத்திலும் புகைதான்.

3. மூடிய அறையில் கொளுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையைக் கொசுவர்த்தி உறையில் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

4. கொசுவலையை ரேஷன் கடைகளில் மலிவு விலையில் விற்க வேண்டும்.

வீடுகளிடம் கேட்பவை

சமைக்கும்போது எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். எரிவாயு அடுப்புக்கும் இது தேவை. விறகைத் தவிர்க்கவே முடியாதென்றால் அடுப்பை வெளியே போடுங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்காதீர்கள். சாம்பிராணி போடும்போது ஆஸ்துமா உள்ளவர்கள் அறையில் இருக்க வேண்டாம். வீட்டுக்குள் பீடி, சிகரெட் கூடவே கூடாது. தொட்டிச் செடிகள் அழகுக்கு நல்லவை, புகையை அகற்றுவதற்கு அவற்றை நம்ப வேண்டாம்.

வரும் கிராம சபைக் கூட்டங்களில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு எங்கள் உறுப்பினர்களையும், அவற்றை ஆதரிக்குமாறு ஊர் மக்களையும் கேட்டுக்கொள்கிறோம்.