சொல்லாமல் போகும் வாடிக்கையாளர்



கடை வாசலில் நின்று குறை சொல்லிச் சண்டை போடும் வாடிக்கையாளரைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. அவர் நாளையும் வருவார். பருப்பில் கல் இருந்ததை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அடுத்த கடைக்குப் போய்விடுகிறாரே, அவரால்தான் நமக்கு நட்டம். அவர் ஏன் போனார் என்பது நம் பேரேட்டில் பதிவாவதில்லை.

வள்ளூர், அத்திப்பட்டு பகுதிகளில் இது அதிகம். அனல் மின் நிலையங்களையும் துறைமுகத்தையும் நம்பி வந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் பலர் நம்மிடம் மளிகை வாங்குகிறார்கள். மொழி தெரியாததால் குறையைச் சொல்லத் தயங்குகிறார்கள். கைப்பேசி வழியே மளிகை விற்கும் பெருநிறுவனங்களோ ஒவ்வொரு விற்பனைக்குப் பிறகும் கருத்துக் கேட்டுச் சேர்த்து வைக்கின்றன. நாம் மட்டும் கேட்காமலிருக்கலாமா?

இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. கூகுள் ஃபார்ம்ஸ் போன்ற இணையப் படிவத்தை இலவசமாகவே அமைக்கலாம். அதன் கியூஆர் அட்டையை, ‘குறை சொல்ல’ என்று தமிழிலும் இந்தியிலும் பெரிதாக எழுதி, கல்லாவுக்கு அருகில் ஒட்டுங்கள். மூன்று கேள்விகள் போதும்: எந்தப் பொருள்? என்ன குறை? நீங்கள் கேட்டு இங்கே கிடைக்காத சரக்கு எது?

பதில்களை வாரம் ஒருமுறை கடைக் கணிப்பொறியில் இறக்கி, ஆக்செஸ் போன்ற டேட்டாபேஸில் சேர்த்துவிடலாம். விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் பேஸும் போதும். அந்நாளில் ஃபாக்ஸ்புரோவில் பில் போட்டவர்களுக்கு இது புதிதல்ல.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பொருளின் பெயரை வாடிக்கையாளரே எழுதும்படி விடாதீர்கள். ஒருவர் ‘துவரம்பருப்பு’ என்பார், ஒருவர் ‘து.பருப்பு’ என்பார், இன்னொருவர் ‘தூர் தால்’ என்பார். கணிப்பொறி இவற்றை மூன்று சரக்காக எண்ணிவிடும். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்தால், எந்தச் சரக்கில் எத்தனை குறை என்பது உடனே தெரியும். மொத்த வியாபாரியிடம் வாய்ச்சொல்லாக முறையிடுவதைவிட, தேதியோடு கணக்கை எடுத்துக் காட்டினால் பேச்சுக்கு மதிப்புண்டு. எந்த ஆலைச் சரக்கு சரியில்லை என்பது அவருக்கும் தெரிய வேண்டியதுதானே!

கைப்பேசி எண்ணைக் கட்டாயமாக்க வேண்டாம் என்பதே நம் கருத்து. சில்லறைக் கடைகள் எண் கேட்டு வற்புறுத்தக்கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே அறிவுறுத்தியது. அதே ஆண்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. சட்டம் ஒருபுறமிருக்க, எண் கேட்டால் குறை சொல்ல வந்தவரும் ஒதுங்கிவிடுவார்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தை நாம் மறக்க முடியாது. ஆகவே ஒரு நகலைப் பென்டிரைவில் எடுத்து வீட்டில் வையுங்கள்.

படிவம் வைத்துவிட்டுப் படிக்காமலிருப்பது, குறைப் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தொலைத்த கதைதான். வாரம் ஒரு குறையையாவது தீர்த்து, ‘பருப்பை மாற்றிவிட்டோம்’ என்று வாசல் பலகையில் எழுதுங்கள். அதைப் படிப்பவர் அடுத்த குறையையும் நம்மிடமே சொல்வார். அடுத்த மாத மளிகையையும் நம்மிடமே வாங்குவார்.