முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் மட்டும் போதுமா?



மழைக்காலம் வந்தாலே "எதிர்ப்பு சக்திக்கு எந்த பவுடர் நல்லது சார்?" என்று பலர் கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான்: டப்பாவைத் தேடும் முன் தட்டைப் பாருங்கள்.

கிருமியை எதிர்க்க நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் எல்லாமே புரதங்கள்தான். வெள்ளை அணுக்கள் பெருகவும் புரதம் வேண்டும். அதற்காக ஒரு முட்டை தின்றவுடன் சளி ஓடிவிடாது. தேவைக்கு மேல் தின்றாலும் சக்தி இரட்டிப்பாகாது. ஆனால் குறைந்தால், உடல் நோய்க்கு எளிதில் இடம் கொடுத்துவிடும்.

ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2023இல் வெளியானது. வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை கொடுத்தார்கள். அவர்களுக்குக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை. சோறும் பருப்பும்தான்!

இப்போது நம் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். நம் சத்துணவில் 2010 முதல் வாரம் 5 முட்டை. நாடே பாராட்ட வேண்டிய திட்டம், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு அதற்குப் பதில் வாழைப்பழம் தருகிறார்கள். இங்கேதான் என் கேள்வி.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். ஒரு வாழைப்பழத்தில் ஒரு கிராம்தான். பழம் நல்லதுதான், கொடுக்கட்டும். ஆனால் அது முட்டைக்கு ஈடாகாது. 30 கிராம் கொண்டைக்கடலையை வேகவைத்தால் அந்த 6 கிராமும் கிடைத்துவிடும். சுண்டல் செய்வது சத்துணவுக் கூடத்துக்குப் புதிய வேலையும் அல்ல. பயறும் கடலையும் ஏற்கெனவே வேகும் அடுப்புதான். முட்டை வேண்டாம் என்பது அந்த வீட்டின் வழக்கம், அதை மதிப்போம். அதற்காகப் பிள்ளைக்குச் சத்து குறையலாமா?

வீட்டிலும் இதே கணக்குதான். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய உண்டு. பொங்கலும் இட்லியும் பருப்புச் சாதமும் அந்தக் குறையை ஈடுகட்டும் உணவுகள். ஆனால் தண்ணீராய் ஓடும் சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கிறது? கடைசியில் சாப்பிடும் அம்மாவுக்கு அடியில் மிஞ்சுவது எவ்வளவு? "வயசாச்சு, ரெண்டு இட்லி போதும்" என்கிறாரே தாத்தா, அவர் தட்டில் புரதம் எங்கே?

நாள் ஒன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது ஐ.சி.எம்.ஆர். அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 50 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். வாங்காமல் விடாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்கள் அடுத்த கூட்டத்தில் இந்தச் சுண்டல் கோரிக்கையை எழுப்புங்கள். தீர்மானமாக எழுதி மேலே அனுப்புங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.