கல்லூரி மாறினால் கால்நடை டாக்டர் ஆகலாமா?

பிளஸ் 2 முடிவு வந்து, கல்லூரிச் சேர்க்கையும் முடியும் சமயத்தில், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரச் சிறு விவசாயிகள் வீடுகளில் ஒரு கேள்வி எழுவது வழக்கம். "பிள்ளைக்குக் கால்நடை மருத்துவத்தில் இடம் கிடைக்கவில்லை. பி.எஸ்சி. விலங்கியலில் சேர்த்திருக்கிறோம். ஒரு வருஷம் படித்துவிட்டு அங்கிருந்து கால்நடைக் கல்லூரிக்கு மாறிக் கொள்ளலாமா?" என்பதே அது.

மாறிக் கொள்ள முடியாது என்பதுதான் பதில். இதைத் தெரிந்து கொள்ளாமல், "மாற்றித் தருகிறேன்" என்று சொல்லும் தரகரை நம்பி, இரண்டு ஆட்டை விற்றுப் பணம் கொடுத்தால் பணமும் போகும், பிள்ளையின் படிப்பும் போகும்.

வேலூர்ப் பக்கத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. கால்நடை மருத்துவப் படிப்போ, 1989-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இதன் கீழ்ச் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை ஆகிய ஊர்களில் கல்லூரிகள் உள்ளன. உள்ளிருப்புப் பயிற்சியும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. இதில் சேர முதல் ஆண்டு ஒன்றே வாசல். அந்த வாசலைத் திறப்பது பிளஸ் 2-ல் வாங்கிய உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண். பி.எஸ்சி.யில் முதல் வகுப்பே வாங்கினாலும் அந்த மதிப்பெண் தரவரிசைப் பட்டியலில் ஏறாது.

முன்பு நிலைமை வேறாக இருந்தது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கப்பட்டது. 1936 முதல் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் வழங்கியது. 1976-ல்தான் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ்ப் போயிற்று. வேலூர், வாணியம்பாடிக் கல்லூரிகளும் அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவையே. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளை உள்ளூர்க் கல்லூரியில் பி.யூ.சி. படித்துவிட்டுக் கால்நடைக் கல்லூரிக்கு மனுப் போட்டான். பள்ளியில் பின்தங்கியவனுக்கும் கல்லூரியில் தேறிக் காட்ட ஒரு வாய்ப்பு இருந்தது. 1978-ல் பிளஸ் 2 வந்ததும் பி.யூ.சி. போயிற்று. அந்த இரண்டாம் வாய்ப்பும் அதோடு போயிற்று.

இன்றுள்ள வழிகள்

பிள்ளைகள் படிக்கும்போதே பெற்றோர் சிலவற்றை மனத்தில் வைக்க வேண்டும். பதினோராம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே உயிரியல் உள்ள பிரிவை எடுக்க வேண்டும். வணிகவியல் படித்துவிட்டுப் பிறகு கால்நடை மருத்துவம் கேட்பதில் பயனில்லை. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு இடம் தனியே உண்டு. அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பெற்று வைப்பது நல்லது.

முதல் முறை இடம் கிடைக்காதவருக்கு இன்னொரு வழி உண்டு. நாடெங்கும் உள்ள கால்நடைக் கல்லூரிகளில் 15 விழுக்காடு இடங்கள் அகில இந்திய ஒதுக்கீடாக நீட் மதிப்பெண்ணைக் கொண்டு நிரப்பப்படுகின்றன. நீட் தேர்வை மறு ஆண்டும் எழுதலாம். பி.எஸ்சி. படித்துக் கொண்டே எழுதுவதற்கும் தடையில்லை. வெளி மாநிலத் தனியார் கல்லூரி என்று யாராவது அழைத்தால், இந்தியக் கால்நடை மருத்துவக் கழகத்தின் அங்கீகாரம் அதற்கு உண்டா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

இடம் கிடைத்து, பி.எஸ்சி.யை விட்டு வரும்போது கல்லூரி அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்றும், விலகும் நாளைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் விதி வகுத்திருக்கிறது. இந்த விதியைச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

நம் வட்டாரம் தோலால் பிழைக்கும் வட்டாரம். ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்ட காலம் முதல் இன்றைய காலணித் தொழிற்சாலை வரை பல்லாயிரம் குடும்பங்கள் இதனால் சாப்பிடுகின்றன. ஆனால் தோலின் தரம் டேனரித் தொட்டியில் தொடங்குவதில்லை, நம் பட்டியில் தொடங்குகிறது. உண்ணி கடித்த தழும்பும், ஆட்டம்மை வடுவும், சூடு போட்ட அடையாளமும் பதனிட்ட பிறகே பளிச்சென்று தெரியும். அப்போது தோலின் விலை இறங்கும். இந்தியாவில் 2019-ல் தலைகாட்டி 2022-ல் வட மாநிலங்களில் ஏராளமான மாடுகளைக் கொன்ற தோல் கழலை நோய், பிழைத்த மாட்டின் தோலையும் விட்டு வைப்பதில்லை. கால்நடைத் தடுப்பூசி மருந்து தயாரிக்கும் நிலையம் ராணிப்பேட்டையில் 1932 முதல் இருக்கிறது. மருந்து பக்கத்திலேயே தயாராகிறது. அதை ஆட்டுக்கும் மாட்டுக்கும் வேளையோடு போட, கிராமத்தில் தங்கி வேலை செய்யும் டாக்டர் வேண்டும்.

அப்படித் தங்குகிறவர் யார்? ஆடு மேய்த்து, சாணி அள்ளி வளர்ந்த பிள்ளை தங்கும் என்று எதிர்பார்க்கலாம். அந்தப் பிள்ளை பதினேழு வயதில் ஒரு தேர்வில் சில மதிப்பெண் குறைந்ததால், வாழ்நாள் முழுவதும் அந்த வாசல் அடைபடுவது நியாயமா? பெண் பிள்ளையானால் பெரும்பாலும் அடுத்த வாரமே ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறது.

அமெரிக்காவில் முறை வேறு. அங்கே மாணவர் முதலில் ஏதாவது ஒரு கல்லூரியில் உயிரியல், வேதியியல் படிக்கிறார். தேவையானால் நடுவில் பல்கலைக்கழகம் மாறுகிறார். அந்த மதிப்பெண்ணைக் கொண்டு நான்கு ஆண்டுக் கால்நடை மருத்துவப் படிப்பில் சேருகிறார். செலவு மிகுந்த அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் கல்லூரியில் தேறியவருக்கும் ஒரு வாசல் வைப்பது அதில் எடுத்துக் கொள்ளத் தக்கது.

கால்நடைக் கல்லூரி ஒவ்வொன்றிலும் சில இடங்களைக் கூடுதலாக உண்டாக்கி, விலங்கியல் பட்டம் பெற்ற கிராமப்புற மாணவருக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண்ணின்படி தர வேண்டும். படிப்பு முடிந்ததும் ஐந்து ஆண்டாவது கிராமக் கால்நடை மருந்தகத்தில் வேலை செய்வதாக அவரிடம் உறுதி எழுதி வாங்கலாம். இருக்கும் இடமே போதவில்லை, பிளஸ் 2 பிள்ளையின் இடத்தைப் பிடுங்குவதா என்று சிலர் கேட்கலாம். ஒருவர் இடத்தையும் பிடுங்க வேண்டாம் என்பதற்காகவே கூடுதல் இடம் கேட்கிறோம். தவிர, எம்.பி.பி.எஸ். கிடைத்ததும் கால்நடைக் கல்லூரியை விட்டுப் போகிறவர்களும் உண்டு. காலியான அத்தகைய இடத்துக்கு ஈடாக அடுத்த ஆண்டு ஓர் இடம் தந்தாலும் போதும். பட்டம் முடித்த பிறகும் இதையே கேட்டு வருகிறவர் பாதியில் ஓட மாட்டார்.

இதற்கு மாநில அரசும் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகமும் சேர்ந்து விதியைத் திருத்த வேண்டும். கேட்காமல் அது நடக்காது. மாதந்தோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஏரி வாய்க்கால், உரம், கரும்பு பாக்கி ஆகியவற்றோடு இந்தக் கோரிக்கையையும் மனுவாக எழுதிக் கொடுங்கள். தரகரிடம் கொடுக்கும் பணத்தைவிட மனுவுக்கு ஆகும் செலவு குறைவு.