வாலும் காலும்: 200 கெஜம் தாண்ட வேண்டாம்

போடிநாயக்கனூர்ப் பக்கம் விடிகாலையில் இந்தக் காட்சி கண்ணில் படும். பைக்கில் ஒரு இளைஞர். ஒரு கை ஆக்ஸிலேட்டரில், இன்னொரு கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில், விலா எலும்பை எண்ணிவிடலாம் போன்ற உடம்போடு ஒரு சிப்பிப்பாறை. முந்தலை நோக்கி இரண்டும் பறக்கும். டீக்கடையில் நிற்கிறவர் சும்மா இருப்பாரா?

“ஏன் தம்பி, இது எம்புட்டுத் தூரம் ஓடும்?”

“மெட்டு வரைக்கும் ஓடும்ணே!”

பேச்சுக்குச் சொல்வதுதான். ஆனால், ஓடச் சொன்னால் அந்த நாய் உண்மையிலேயே முயன்று பார்க்கும் என்பதில்தான் வினையே இருக்கிறது. முன்னால் ஓடுகிற ஒன்றைப் பார்த்துவிட்டால் அதை விட்டுவிட இந்த இனத்துக்கு மனசு வராது. மூச்சு முட்டினாலும் ஓடும். போதும் என்று சொல்ல அதற்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

சரி, எத்தனை தூரம் போதும்? இதற்குப் பதில் தேடினால் இங்கிலாந்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே விப்பெட் என்று ஒரு நாய் உண்டு. சிப்பிப்பாறையைச் சுருக்கிச் செய்தது போலிருக்கும். உயரம் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். 19-ம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளும் ஆலைத் தொழிலாளிகளும் இதை வளர்த்தார்கள். பெரிய இடத்துக்காரர்கள் ரேஸ் குதிரை வைத்திருந்தார்கள். இவர்களுக்கு விப்பெட்தான் குதிரை. வாராவாரம் பந்தயம் நடக்கும். ஒரு முனையில் ஒருவர் நாயைக் கழுத்துத் தோலையும் வாலையும் பிடித்துத் தூக்கி, சத்தம் கேட்டதும் ஓட்டத்துக்குள் வீசி விடுவார். மறுமுனையில் எஜமானர் துணியை ஆட்டிக்கொண்டு கத்துவார். நாய் அந்தத் துணியை நோக்கிப் பாயும். நேர் கோட்டில் 200 கெஜம். அதாவது சுமார் 183 மீட்டர். கிரிக்கெட் பிட்ச்சை ஒன்பது முறை அடுக்கினால் வருகிற நீளம். நல்ல விப்பெட் இதைப் பன்னிரண்டு விநாடி அளவில் முடித்துவிடும். இன்றைக்கும் விப்பெட் நேர்ப் பந்தயங்களில் 200 கெஜம்தான் பிரபலமான தூரம்.

ஒரு நாய் தன் முழு வேகத்தைக் காட்டி, உடம்பு கெடாமல் முடிக்கிற தூரம் அது. இந்த வகை நாய்கள் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும். உடம்பு நீளும்போது ஒரு முறை, வில்லாய் வளையும்போது ஒரு முறை. விப்பெட் மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவது இப்படித்தான். இந்த வேகத்தில் தசைக்குத் தேவையான பிராணவாயு போதாமல் போகிறது. கடன் வாங்கி ஓடுகிற மாதிரி. சில விநாடிகள் தாங்கும், பிறகு வட்டி ஏறும்.

இந்த ஓட்டம் ரத்தத்திலேயே இருக்கிறது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று. 2007-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாடின் என்ற மரபணுவில் சில விப்பெட்டுகளுக்கு மாற்றம் இருப்பதைக் கண்டார்கள். மாறிய பிரதி ஒன்று இருந்தால் நாய் வேகமாக ஓடியது. தாய், தகப்பன் இரண்டு வழியிலும் வந்துவிட்டால் குஸ்தி பயில்வான் மாதிரி தசை திரண்ட குட்டி பிறந்தது. ஓட்டக்காரர் வீட்டில் பயில்வான்!

நம் சிப்பிப்பாறையும் கன்னியும் விப்பெட்டைவிட உயரமானவை, இரண்டடிக்கு மேல் நிற்பவை. ஆனால் ஓட்டத்தின் சூத்திரம் ஒன்றுதான். விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை ஊரும், சுற்றியுள்ள கரிசல் மண்ணும் வளர்த்த நாய்கள் இவை. கண்ணுக்கெட்டிய தூரம் சமதளம். முயல் கிளம்பினால் முள்ளுக்குள் நுழைவதற்குள் பிடித்தாக வேண்டும். சில நூறு மீட்டரில் கதை முடிந்துவிடும். (1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டை குற்றம். அதில் பெருமை பேச ஒன்றுமில்லை.)

ஏல மலைக்கு இந்த உடம்பு ஏற்றதல்ல. போடிமெட்டுச் சாலையில் கொண்டைஊசி வளைவுகள் மட்டும் பதினேழு. மெட்டு 4,000 அடிக்கு மேல். ஏற்றத்தில் ஓடினால் பின்தொடை இழுபடும். இறக்கம் இன்னும் மோசம். நாயின் எடையில் பாதிக்கு மேல் முன்கால்களில்தான் நிற்கிறது, சரிவில் வேகமும் சேர்ந்துகொண்டால் மணிக்கட்டும் விரலும் தோளும் வாங்கிக் கட்டிக்கொள்ளும். வளைவுகூட ஆபத்துதான். வட்டத் தடத்தில் ஓடும் கிரேஹவுண்டுகளுக்குப் பின்காலின் கணு எலும்பு முறிவது வெளிநாடுகளில் வழக்கமாகப் பார்க்கும் காயம். இங்கே தோட்டத்துப் பாதையில் சரளைக் கல், ஈரச் சருகு வேறு. மலைக்குத் துணை வேண்டுமென்றால் பக்கத்திலேயே கோம்பை இருக்கிறது. தேனி மாவட்டத்துக் கோம்பை ஊரின் பெயரையே தாங்கிய, கட்டுமஸ்தான காவல் நாய். கூடவே நடக்கும், காவல் காக்கும். அதை ஓட்டப் பந்தயத்தில் நிறுத்துவது லாரியை ரேஸுக்கு விடுகிற கதை.

தென்மாவட்ட நாய்ப் பந்தயங்களில் எல்லா ஊருக்கும் பொதுவான தூரக் கணக்கு கிடையாது. வைத்துக்கொள்வது நல்லது. விப்பெட் அளவு நாய்க்கு 200 கெஜம். உயரமான சிப்பிப்பாறை, கன்னிக்கு 300 மீட்டருக்குள். கிரேஹவுண்டுகள் பிரிட்டனில் 480 மீட்டர் ஓடுகின்றனவே என்று சிலர் கேட்பார்கள். அவை அதற்கென்றே பழக்கி, கால்நடை மருத்துவர் மேற்பார்வையில் மணல் தடத்தில் ஓடுபவை. அப்படியிருந்தும் அடிபடுகின்றன. ஒரு வயது நிறையாத குட்டியைப் பந்தயத்துக்கே கொண்டுபோகக் கூடாது. எலும்பின் முனைகள் அதற்குள் முற்றியிருக்காது. ஒரு வயதுக்குப் பிறகும் 50 மீட்டர், 100 மீட்டர் என்று மெல்லத்தான் கூட்ட வேண்டும். ஒரு ஓட்டம் முடிந்தால் மூச்சு முழுக்கச் சீராகும்வரை அடுத்தது இல்லை.

பைக்கில் கட்டி இழுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று பாக்கி. குறுகிய ஓட்டத்திலேயே இந்த நாய்களின் உடல் சூடு 41 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நமக்குப் போல உடம்பெல்லாம் வியர்த்து ஆறாது, நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதற்கு ஃபேன். போடி வெயிலில், தார்ச்சாலையில், கிலோமீட்டர் கணக்கில் ஓடினால் அந்த ஃபேன் போதாது. நாக்கு செங்கல் நிறமாகும். எச்சில் கெட்டியாகும். நடை தள்ளாடும். நிழலுக்குத் தூக்கிப்போய் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள், கூடவே டாக்டருக்குப் போன் போடுங்கள். ஓடிய அன்றோ மறுநாளோ மூத்திரம் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று அர்த்தம். ‘களைப்பு, தூங்கினா சரியாப் போகும்’ என்று விட்டுவிட்டால் நாய் மிஞ்சாது.

அறுவடை முடிந்த வயல், கல் பொறுக்கிய மைதானம், காலை ஏழு மணிக்கு முன்னால். வயிறு நிறையத் தின்ற உடனே வேண்டாம். இந்த முனையில் ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, அந்த முனையில் நீங்கள் ஒரு பழைய துண்டை ஆட்டுங்கள். பன்னிரண்டு, பதிமூன்று விநாடியில் உங்கள் மேல் வந்து மோதும். இரண்டு தடவை ஓடவிட்டு வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, திண்ணையில் சுருண்டு படுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்கும்.